கூசாம கேளுங்க: ஒரு தடவ நெகட்டிவ்னு வந்துட்டா போதுமா?

இந்தத் தடவ வந்த கடிதாசில நாலு, ஒரே விஷயத்தப் பத்தி வந்திருக்கு. சிபிலிஸ். நம்ம திருநவேலிப் பக்கம் பெரியவங்க மேகநோய், மேகப்புண்ணுன்னு சொல்லுவாங்க, உடலுறவுல பரவுற நோயி. கீழ வர்ற விடிஆர்எல், டிபிஹெச்ஏ ரெண்டும் இதுக்கு எடுக்கிற ரத்த டெஸ்ட்டு, ரியாக்டிவ்னா பாசிட்டிவ், நான்-ரியாக்டிவ்னா நெகட்டிவ். எழுதினவங்க பேரையும் ஊரையும் எடுத்துட்டு, விஷயத்த மட்டும் போட்டு பதில் சொல்லுதேன். இந்தப் பயத்த வெளிய சொல்ல முடியாம மனசுக்குள்ளயே வச்சிருக்கிறவங்க இன்னும் நெறைய பேர் இருப்பாங்க, அவங்களும் படிக்கட்டும்.

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு 27 வயசு, ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம், பீடி சுத்துதேன். எங்க வீட்டுக்காரவுக திருப்பூர்ல பனியன் கம்பெனில இருந்தாக. இப்பம் சவுதிக்குப் போகணும்னு ஏஜென்ட்டுக்கு பணம்லாம் கட்டி மெடிக்கல் எடுத்தா அன்ஃபிட்னு சொல்லிட்டாங்க, பேப்பர்ல விடிஆர்எல் ரியாக்டிவ் 1:32, டிபிஹெச்ஏ பாசிட்டிவ்னு போட்டிருக்கு. ரெண்டு நாள் வாயே தொறக்கல, நான் அழுது கேட்ட பொறவுதான் மாசி மாசம் அங்கன ஒரு பொண்ணோட பழக்கம் ஆயிட்டுன்னு சொன்னாக. பங்குனில அந்த எடத்துல ஒரு புண்ணு வந்துச்சாம், வலியே இல்லியாம், சூடுன்னு நெனச்சி எளநி குடிச்சி எண்ண தேச்சிக் குளிச்சாகளாம், அதுவா ஆறிட்டாம். வைகாசில எங்க சுடல கோயில் கொடைக்கு வந்தவுக அப்படியே இங்கனதான் இருக்காக, மெடிக்கல் பேப்பர் வாரதுக்கு ஒரு வாரம் முன்ன வரைக்கும் நாங்க புருசன் பொஞ்சாதியாத்தான் இருந்தோம். நான் ஒடனே ஓடிப்போயி லேப்ல விடிஆர்எல் எடுத்தேன், நான்-ரியாக்டிவ்னு வந்திருக்கு. அப்பம் எனக்கு இல்லன்னு நிம்மதியா இருக்கலாமா? ஆனா என் கைத்தோலு உரியுது, விரல் நுனி வெடிச்சிருக்கு, அது இதுதானோன்னு ராத்திரி தூக்கமே இல்ல. நாலு வயசுல பொம்பளப்புள்ள இருக்கா, ஒரே தட்டுலதான் சாப்பிடுவோம், அவளுக்கும் பாக்கணுமா? மாமியாருக்குத் தெரிஞ்சா பழி என் மேலதான் விழும். அவுக கூட இனிமே வாழலாமா வேண்டாமா, அதையும் சொல்லுங்க.

பதில்: தங்கச்சி, மொதல்ல ஒண்ணு சொல்லிருதேன். இதுல உங்க மேல ஒரு தப்பும் கெடையாது. இது முழுசா குணமாகுற நோயி, அதுவும் ஆரம்பத்துலயே தெரிஞ்சா ஒரே நாள் ஊசில முடியுற நோயி. இத மனசுல நல்லா வச்சிக்கிட்டு மிச்சத்தப் படிங்க.

இப்பம் உங்க ரிப்போர்ட்டுக்கு வாரேன். நான்-ரியாக்டிவ்னு வந்தது நல்ல விஷயந்தான், ஆனா அத வச்சி நிம்மதின்னு இப்பவே ஒக்காந்திர முடியாது. ஏன்னா இந்தக் கிருமி உடம்புக்குள்ள வந்த பொறவு மொத அடையாளம் காட்டவே 10 நாள்ல இருந்து 90 நாள் வரைக்கும் எடுத்துக்கிடும், பெரும்பாலும் 3 வாரம்னு கணக்கு. புண்ணு வந்த பொறவும் ரத்தத்துல டெஸ்ட் பிடிக்கிறதுக்கு இன்னும் ஒண்ணுல இருந்து நாலு வாரம் ஆகலாம். நீங்க சொல்லுத கணக்குப்படி கடைசியா சேந்து இருந்து ரெண்டு வாரங்கூட ஆகல, அதுக்குள்ள எடுத்த டெஸ்ட். அந்த டெஸ்ட் வைகாசி ஆரம்பத்தப் பத்தி கொஞ்சம் சொல்லும், போன வாரத்தப் பத்தி ஒண்ணுமே சொல்லாது. யாரு டெஸ்ட் எடுத்துட்டு வந்தாலும் ரிசல்ட்ட பாக்குறதுக்கு முன்னாடி நான் கேக்குறது, கடைசியா எப்பம் சேந்தீங்க, எப்பம் ரத்தம் குடுத்தீங்கன்னுதான். அந்த ரெண்டு தேதிக்கும் நடுவுல எத்தன நாள்னு தெரியாம நெகட்டிவ்ங்கிற வார்த்தைய மட்டும் வச்சிக்கிட்டு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது.

அதனால மறுபடி டெஸ்ட் உண்டு, கடைசியா சேந்த நாள்ல இருந்து எண்ணி 6 வாரத்துல ஒண்ணு, 3 மாசத்துல ஒண்ணு. ஆனா உங்க விஷயத்துல அது வரைக்கும் சும்மா காத்துக்கிட்டு இருக்கக் கூடாது. இத அடிக்கோடு போட்டுப் படிங்க. கூட இருக்கிறவருக்கு புதுசா வந்த சிபிலிஸ்னு உறுதியாயி, அவரோட நீங்க கடைசி 90 நாளுக்குள்ள சேந்திருந்தீங்கன்னா, உங்க டெஸ்ட் நெகட்டிவா இருந்தாலும் ஊசி போட்டுருவாங்க. இது ஒலகம் பூரா நடக்குற மொற. கேட்டா சில பேரு, இல்லாத நோய்க்கு எதுக்கு ஊசின்னு கேப்பாங்க, சின்ன லேப்லயும் மெடிக்கல் ஷாப்லயும் அப்படித்தான் சொல்லி அனுப்புதாங்க. வந்து முத்துனதுக்கு அப்புறம் போடுறத விட முளைக்கும்போதே போடுறது நல்லதுல்லா, அதான் காரணம். ஊசி போடுத அன்னிக்கே ஊசிக்கு முன்னாடி ரத்தமும் எடுத்து வச்சிருவாங்க.

ஊசி பேரு பென்சத்தின் பென்சிலின், 24 லட்சம் யூனிட். 12 லட்சம் 12 லட்சமா பிரிச்சி ரெண்டு பக்க இடுப்புக்குக் கீழ சதையில போடுவாங்க. வலிக்கும், வலிக்காதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன், மருந்து கொஞ்சம் கெட்டியா இருக்கும், பைய ஏத்துவாங்க, ரெண்டு நாளு ஒக்காந்து சொளவ மடில வச்சி பீடி சுத்துறது கஷ்டமாத்தான் இருக்கும். போடுறதுக்கு முன்னாடி கைல கொஞ்சமா குத்தி அலர்ஜி இருக்கான்னு பாப்பாங்க, போட்ட பொறவு அரை மணி நேரம் அங்கனயே ஒக்கார வைப்பாங்க, ஒடனே பஸ்ஸ பிடிக்க ஓடாதீங்க. அன்னிக்கு ராத்திரி காய்ச்சலு, குளிரு, மேலு வலி வரலாம், முக்கியமா உங்க வீட்டுக்காரருக்கு வரலாம். கிருமி மொத்தமா சாகும்போது உடம்பு காட்டுற கோவம் அது, ஒரு நாள்ல போயிரும், பாராசிட்டமால் போதும். அதப் பாத்து ஊசி ஒத்துக்கிடலன்னு பயந்துராதீங்க. ஆனா ஊசி போட்ட ஒடனே மூச்சு முட்டுனாலோ மேலெல்லாம் தடிச்சாலோ அது வேற, அங்கனயே நர்ஸ்ட்ட சத்தமாச் சொல்லணும், அதுக்குத்தான் அந்த அரை மணி நேரம். பென்சிலின் ஒத்துக்கிடாதவங்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் மாத்திர, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, 14 நாளு. ஆனா உங்களுக்கு நாள் தள்ளிப் போயிருக்கா? அத நீங்க எழுதல. தள்ளிப் போயிருந்தா மொதல்ல யூரின் கார்டு போட்டுப் பாத்துட்டுப் போங்க, டாக்டர்ட்டயும் சொல்லுங்க, கர்ப்பம்னா பென்சிலின்தான், அந்த மாத்திர ஆகாது.

உங்க வீட்டுக்காரருக்கு வந்த புண்ணு எளநிலயோ எண்ணக் குளியல்லயோ ஆறல. இந்தப் புண்ணு ஒண்ணுமே செய்யாட்டாலும் 3 வாரத்துல இருந்து 6 வாரத்துக்குள்ள தானா ஆறிரும், வலிக்கவும் வலிக்காது, அதான் இதுல இருக்கிற பெரிய ஏமாத்து வேல. புண்ணு வந்திருக்கும்போது யாரு என்ன குடுத்தாலும் அதுனாலதான் ஆறிச்சின்னு பேரு வாங்கிக்கிடுவாங்க. ஜங்ஷன் பக்கம் லாட்ஜ்ல மாசம் ஒரு நாளு ரூம் போட்டு ரகசிய நோய்க்கு லேகியம் குடுக்கிறவங்க பொழப்பு இத வச்சித்தான் ஓடுது, ஆயிரம் ஆயிரமா வாங்கிக்கிட்டு புண்ணு ஆறிட்டுன்னு அனுப்பி வச்சிருதாங்க. மேல ஆறியிருக்கும், உள்ள நீறு பூத்த நெருப்பா இருக்கும். சில வாரம், சில மாசம் கழிச்சி உடம்புல தடிப்பா வரும், அதுவும் போயிரும், அப்புறம் வருசக்கணக்கா சத்தமே இருக்காது. வைத்தியமே பாக்காம விட்டவங்கள்ல ஒரு பகுதி பேருக்கு பத்து, இருபது வருசம் கழிச்சி இதயம், பெரிய ரத்தக்குழாய், மூள, நரம்புன்னு கை வைக்கும். இது உங்கள பயமுறுத்த சொல்லல. புண்ணு ஆறிட்டு, இனிமே எதுக்கு ஊசின்னு அவரு சொன்னா அவர்ட்ட காட்டுறதுக்காக எழுதுதேன்.

கைக்கு வாரேன். பீடி சுத்துத பொம்பளைங்க கைய நான் நெறைய பாத்திருக்கேன். இலைய நனைச்சி வெட்டி, தூள வச்சி உருட்டி, நுனிய நகத்தால மடக்கி மடக்கி கட்டவெரலும் ஆள்காட்டி வெரலும் காப்புக் காச்சி, ஓரத்துல கோடு கோடா வெடிச்சி, தூளு கற ஏறி, வெடிப்புல பட்டா சுள்ளுன்னு எரியும். வேல இல்லாத நாலு நாள்ல கொஞ்சம் கொறையும். நீங்க எழுதியிருக்கிறது இந்த மாதிரிதான் தெரியுது. சிபிலிஸ்ல கைல வாரது வேற மாதிரி, உள்ளங்கைக்கு நடுவுல, அதே மாதிரி உள்ளங்காலுல, செம்பு நிறத்துல சின்னச் சின்ன வட்டமா புள்ளி புள்ளியா வரும், பெரும்பாலும் அரிக்காது, எரியாது. ஆனா தங்கச்சி, கண்ணால பாத்து நானும் முடிவு பண்ணக் கூடாது, நீங்களும் முடிவு பண்ணக் கூடாது, கைய டாக்டர்ட்ட காட்டுங்க. உங்க வீட்டுக்காரரு உள்ளங்கையையும் உள்ளங்காலையும் நல்லா வெளிச்சத்துல வச்சி ஒரு தடவ பாருங்க, வாயிக்குள்ள வெள்ளையா திட்டு இருக்கா, தலைமுடி அங்கங்க பூச்சி அரிச்ச மாதிரி கொட்டியிருக்கான்னும் பாருங்க.

புள்ளையப் பத்தி கவலையே வேண்டாம். இது தாய் வயித்துல இருக்கும்போது புள்ளைக்குப் போகும், இல்லன்னா ஈரமான புண்ணு மேல நேரா பட்டா வரும். உங்க பொண்ணு பொறந்து நாலு வருசம் ஆச்சி, இந்தக் கத மாசிலதான் ஆரம்பிச்சிருக்கு. ஒரே தட்டு, ஒரே பாயி, ஒரே வாளி, இதுலெல்லாம் வராது. அவரு வாயில புண்ணு இருந்தா மட்டும் ஊசி போட்டு ஆறுற வரைக்கும் புள்ளைக்கு வாயில முத்தம் குடுக்க வேண்டாம்னு சொல்லுங்க, அது போதும்.

எங்க போகணும்னா, தென்காசி பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம், இல்ல பாளையங்கோட்ட ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பால்வினை நோய் பிரிவுன்னு தனியா இருக்கும், சுகவாழ்வு மையம்னும் போர்டு போட்டிருப்பாங்க, டெஸ்ட்டும் ஊசியும் காசு கெடையாது. காலைலயே போயிருங்க, ஓபி சீட்டு போடுற எடத்துல நோயி பேரெல்லாம் சொல்ல வேண்டாம், தோலு டாக்டர பாக்கணும்னு சொன்னாலும் சரியான எடத்துக்கு அனுப்பிருவாங்க. ஒரு நாளு பீடி போகும், தெரியும். ஊர்க்காரங்க கண்ணுல பட்டுருவோமோன்னு இருந்தா ஆலங்குளத்துல இருந்து ரெண்டு பக்கமும் பஸ்ஸு உண்டு, உங்களுக்குத் தெரிஞ்சவங்க கம்மியா இருக்கிற பக்கம் ஏறிக்கிடுங்க. ரெண்டு பேரும் ஒரே நாளுல சேந்து போங்க. தனித்தனியா போனா ஒருத்தர் போட்டு ஒருத்தர் போடாம மறுபடி மறுபடி மாத்தி மாத்திக் குடுத்துக்கிட்டு இருப்பீங்க, ஒரு தடவ வந்து குணமானா மறுபடி வராதுன்னு ஒண்ணும் இல்ல. அங்கனயே நம்பிக்கை மையத்துல எச்ஐவி டெஸ்ட்டும் ரெண்டு பேரும் எடுத்துருங்க, மஞ்சக்காமாலை பி டெஸ்ட்டும் கேளுங்க, சிபிலிஸ் புண்ணு இருந்தா எச்ஐவி உள்ள போறதுக்கு வழி லேசாயிரும். ரெண்டு பேருக்கும் ஊசி போட்டு, புண்ணு தடிப்பு எல்லாம் ஆறி, டாக்டர் சரின்னு சொல்லுத வரைக்கும், கொறஞ்சது ரெண்டு வாரமாவது, சேர வேண்டாம்.

அவரு பேப்பர்ல 1:32ன்னு போட்டிருக்குல்லா, ரத்தத்த முப்பத்திரெண்டு மடங்கு நீர்த்துப் போக வச்ச பொறவும் ரியாக்ஷன் காட்டுதுன்னு அதுக்கு அர்த்தம். ஊசி போட்ட பொறவு 3 மாசம், 6 மாசம், ஒரு வருசம்னு எடுத்துப் பாக்கணும், 1:8 ஆகவோ அதுக்கும் கீழயோ எறங்குனா மருந்து வேல செஞ்சிருக்குன்னு எடுத்துக்கிடலாம். ஒவ்வொரு தடவையும் ஒரே லேப்ல ஒரே டெஸ்ட்டா எடுங்க, மாத்தி மாத்தி எடுத்தா நம்பர் கொழப்பும். டிபிஹெச்ஏ மட்டும் பெரும்பாலும் சாகுற வரைக்கும் பாசிட்டிவ்னுதான் காட்டும், குணமான பொறவும். இது தெரியாம பல பேரு வருசா வருசம் ஊசி போட்டுக்கிட்டு அலையுதாங்க. அவரு மறுபடி வெளிநாட்டு மெடிக்கலுக்குப் போகும்போது இது வந்து நிக்கும், அதனால ஊசி போட்ட சீட்டு, தேதி, விடிஆர்எல் எறங்குன ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு பத்திரமா வைங்க.

அந்தத் திருப்பூர் பொண்ணுக்கும் தகவல் போகணும். உங்களுக்கு இத கேக்கவே கசக்கும், எனக்குப் புரியுது. அவளும் ஒரு மனுஷி, அவளுக்கு இது இருக்குன்னே தெரியாம இருக்கலாம், நாளைக்கு வயித்துல ஒரு புள்ள வந்தா அதுக்கும் போயிரும். உங்க வீட்டுக்காரரு ஒரு போனு போட்டு டெஸ்ட் எடுத்துக்கோன்னு சொன்னா போதும், அத உங்க முன்னாலயே பேசட்டும்.

மாமியார்ட்ட சொல்லணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. டாக்டரும் கவுன்சிலரும் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்ல மாட்டாங்க. சேந்து வாழலாமா வேண்டாமாங்கிறத நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஒண்ணே ஒண்ணு, அந்த முடிவையும் இந்த ஊசியையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பாதீங்க. கோவத்துல அவர் கூட போக மாட்டேன்னு ஆஸ்பத்திரிக்கே போகாம இருந்திராதீங்க. ஊசி உங்க உடம்புக்கு. மத்தத பொறவு, ஒரு மாசம் கழிச்சி, தூக்கம் வந்த பொறவு, அம்மா வீட்ல ஒக்காந்து யோசிச்சிக்கிடலாம். அழுது கேட்ட ஒடனே உண்மையச் சொன்னாருங்கிறதையும் கணக்குல வைங்க, கூட மெடிக்கல் பேப்பர் வரலன்னா சொல்லியிருப்பாரான்னும் கேளுங்க. ரெண்டுமே நியாயமான கேள்விதான்.

கேள்வி: குத்தாலம் சீசனுக்குப் போயிருந்தோம். கூட்டத்துல ஈரத்துணியோட இடிச்சிக்கிட்டுதான் குளிச்சோம், அங்க பொதுக் கக்கூஸும் போனேன், யாரோ ஒருத்தங்க துண்டையும் எடுத்துத் தொடச்சிட்டேன். இதுல இந்த நோயெல்லாம் வருமா?

பதில்: வராதும்மா. இந்தக் கிருமிக்கு உடம்புக்கு வெளிய உயிர் தாங்காது, காஞ்சா செத்துரும். அருவித் தண்ணி, தாமிரவரணி படித்துறை, கக்கூஸ் சீட்டு, துண்டு எதுலயும் சிபிலிஸ் வராது. அடுத்தவங்க துண்டுல படை வரும், அதுக்கு வேணும்னா உங்க துண்ட தனியா கொண்டு போங்க.

கேள்வி: மேடம், 24 வயசு, ஆண், கங்கைகொண்டான் பக்கம் ஒரு கம்பெனில வேல. எனக்கு ஆம்பளைங்க மேலதான் விருப்பம், வீட்ல யாருக்கும் தெரியாது. நான் பழகின ஒரு ஃபிரண்டு, எனக்கு சிபிலிஸ் பாசிட்டிவ், ஊசி போட்டுட்டேன், நீயும் பாத்துக்கோன்னு மெசேஜ் பண்ணான். நாங்க கடைசியா சேந்து அப்பவே மூணு மாசத்துக்கு மேல ஆயிட்டு, அதுக்கு முன்னாடியும் வாய் வழியா மட்டும்தான். அவன் சொன்னதுல இருந்து நான் விடிஆர்எல், டிபிஹெச்ஏ, எச்ஐவி எல்லாம் எடுத்துட்டேன், நெகட்டிவ். நம்பாம வேற லேப்ல எடுத்தேன், நெகட்டிவ். இப்ப ஆறு மாசம் ஆச்சி, போன வாரமும் எடுத்தேன், நெகட்டிவ்தான். ஆனா அந்த எடத்துல ஓரமா வரிசையா சின்னச் சின்னதா முத்து மாதிரி இருக்கு, நாக்குல வெள்ளையா இருக்கு, நெட்ல பாக்கப் பாக்க எல்லாம் எனக்கு இருக்கிற மாதிரியே தெரியுது. டாக்டர்ட்ட போனா ஆம்பளையோட பழகினேன்னு சொல்லணுமே, போலீஸ் கீலீஸ்னு ஏதாவது ஆயிடுமா? டெஸ்ட் தப்பா நெகட்டிவ் காட்ட வாய்ப்பு இருக்கா?

பதில்: தம்பி, உங்களுக்கு சிபிலிஸ் இல்ல. சுத்தி வளைக்காம சொல்லுதேன். கடைசியா சேந்த நாள்ல இருந்து 3 மாசம் தாண்டின பொறவு விடிஆர்எல், டிபிஹெச்ஏ ரெண்டும் நெகட்டிவ்னா அந்த சம்பவத்த அத்தோட மூடிரலாம். நீங்க ஆறு மாசம் வரைக்கும் போயிட்டீங்க. மேல சொன்ன தங்கச்சிக்கு நான் டெஸ்ட் போதாதுன்னு சொன்னேன், உங்களுக்குப் போதும் போதும்னு சொல்லுதேன், ரெண்டும் ஒரே கணக்குதான், அவங்களுக்கு நாளு ஆகல, உங்களுக்கு நாளு தாண்டிட்டு. எச்ஐவிக்கும் 3 மாசத்துக்கு அப்புறம் எடுத்த டெஸ்ட் நெகட்டிவ்னா அது முடிஞ்ச விஷயம். தப்பா நெகட்டிவ் காட்டுறது ரொம்ப சீக்கிரமா எடுத்தா நடக்கும், அபூர்வமா ரத்தத்துல உடம்போட எதிர்ப்பு ரொம்ப அதிகமா இருக்கிற கட்டத்துல விடிஆர்எல் மட்டும் ஏமாத்தும், ஆனா அப்பம் டிபிஹெச்ஏ பிடிச்சிரும். ரெண்டும், வேற வேற லேப்ல, மாசக்கணக்குல, எல்லாம் சேந்து தப்பாகாது.

ஓரமா வரிசையா முத்து மாதிரி இருக்கிறது, எல்லாம் ஒரே சைசுல, வலி இல்லாம, ரொம்ப நாளா அப்படியே இருந்தா, அது நெறைய ஆம்பளைங்களுக்கு இயல்பாவே இருக்கிறது, நோயி இல்ல, யாருக்கும் பரவாது. இத்தன நாளா அத நீங்க உத்துப் பாத்ததில்ல, இப்பம் டார்ச் அடிச்சிப் பாக்கீங்க. நாக்குல வெள்ளப்பூச்சு காலைல பாதிப் பேருக்கு இருக்கும். ஒரே ஒரு தடவ டாக்டர்ட்ட நேர்ல காட்டி, இது என்னன்னு கேட்டுட்டு வந்துருங்க, அதுக்கப்புறம் போன்ல படம் தேடுறத நிறுத்துங்க. தேடத் தேட பயம் அடங்காது, அது இன்னொரு டெஸ்ட் கேக்கும், அந்த டெஸ்ட் முடிஞ்சா இன்னொண்ணு கேக்கும். டெஸ்ட் எடுத்த அன்னிக்கு மட்டும் நிம்மதி, ரெண்டு நாள்ல மறுபடி படபடப்புன்னு இருந்தா அதுக்கு ரத்தம் குடுத்துப் பிரயோஜனம் இல்ல, மனசுக்குத்தான் பாக்கணும். டெலி மானஸ்னு கவர்மென்ட் நம்பர் 14416, எந்த நேரமும் பேசலாம், தமிழ்லயே பேசலாம், பேரு சொல்ல வேண்டாம். மனநல டாக்டரப் பாத்தாலும் நல்லது, ஹைகிரவுண்ட்லயே உண்டு. தூக்கம் போயி வேலைக்கு லீவு போடுற அளவுக்கு ஆயிட்டுன்னா தள்ளிப் போடாதீங்க.

போலீஸ் எல்லாம் ஒண்ணும் கெடையாது. வயசு வந்த ரெண்டு ஆம்பளைங்க மனசொத்துப் பழகுறது குத்தம் இல்லன்னு 2018 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொல்லிட்டு. டாக்டர்ட்ட இத மறைக்காதீங்க. வெக்கத்துக்காக மறைச்சா அவங்க பாக்க வேண்டிய எடத்த பாக்காம விட்டுருவாங்க. வாய் வழியாப் பழகினா புண்ணு ஒதட்டுல, தொண்டையில வரலாம், பின்வழியா பழகினா உள்ள கண்ணுக்குத் தெரியாத எடத்துல வரலாம், வலிக்காததுனால உங்களுக்கே தெரியாது. சில டாக்டருங்க மூஞ்சியச் சுளிக்கத்தான் செய்யுதாங்க, அது அவங்க தப்பு, எழுந்து வந்து வேற டாக்டர்ட்ட போங்க. பால்வினை நோய் பிரிவுல இருக்கிறவங்க இதத்தான் தினமும் கேக்குதாங்க, அவங்களுக்கு புதுசு இல்ல. 1097ங்கிற நம்பர்லயும் எச்ஐவி, பால்வினை நோய் பத்தி இலவசமா கேக்கலாம்.

இனிமே பழகும்போது காண்டம் போடுங்க, வாய் வழிக்கும் சேத்துத்தான், நெறைய பேரு அது வேண்டாம்னு நெனைக்காங்க. காண்டம் மூடாத எடத்துல புண்ணு இருந்தா அதுல இருந்து வரலாங்கிறதால, புதுசா பழகுறவங்க இருந்தா 3 மாசத்துக்கோ 6 மாசத்துக்கோ ஒரு தடவ டெஸ்ட் எடுத்துக்கோங்க. எடுக்க வேண்டிய நேரத்துல எடுக்கிற டெஸ்ட்டுக்கு நான் ஆதரவு, வாரா வாரம் எடுக்கிறதுக்கு இல்ல. உங்க ஃபிரண்டு செஞ்சது பெரிய காரியம் தம்பி. தனக்கு வந்தத மறைக்காம ஒவ்வொருத்தருக்கா மெசேஜ் போடுறதுக்கு எவ்வளவு துணிச்சல் வேணும். அவன் மேல கோவம் இருந்தா விட்டுருங்க, முடிஞ்சா ஒரு நன்றி சொல்லிருங்க.

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம். மூணு மாசம் கர்ப்பமா இருக்கேன், தலைச்சன். ஆரம்ப சுகாதார நிலையத்துல எடுத்த டெஸ்ட்ல விடிஆர்எல் ரியாக்டிவ் 1:2ன்னு வந்திருக்கு, டிபிஹெச்ஏ எடுக்க அனுப்பியிருக்காங்க, ரிசல்ட் வரல. என் வீட்டுக்காரர் நாலு நாளா என்கிட்ட பேசல. நான் அவரத் தவிர யாரையும் அறிய மாட்டேன். புள்ளைக்கு என்ன ஆகும்?

பதில்: உங்க வீட்டுக்காரரும் இதப் படிக்கட்டும்னு அவருக்கும் சேத்தே எழுதுதேன். விடிஆர்எல் டெஸ்ட் கிருமிய நேரா தேடுறது இல்ல. செல்லு சேதமாகும்போது வெளிய வர்ற ஒரு கொழுப்புப் பொருளுக்கு எதிரா உடம்பு என்ன காட்டுதுன்னு பாக்குற டெஸ்ட் அது. அந்த எதிர்ப்பு சிபிலிஸ்லயும் வரும், வேற காரணத்துலயும் வரும், கர்ப்பத்துல வரும், மலேரியாவுல வரும், தொழுநோய்ல வரும், உடம்போட எதிர்ப்பு உடம்பையே தாக்குற லூபஸ் மாதிரி நோய்கள்ல வரும். அப்படிப் பொய்யா வர்றது பெரும்பாலும் 1:2, 1:4 மாதிரி சின்ன நம்பராத்தான் இருக்கும். அதனாலதான் ரெண்டாவதா டிபிஹெச்ஏ கேட்டிருக்காங்க, அது இந்தக் கிருமிக்குன்னே உள்ள டெஸ்ட். டிபிஹெச்ஏ நெகட்டிவ்னா பெரும்பாலும் அது பொய் பாசிட்டிவ், சில வாரம் கழிச்சி ஒரு தடவ மறுபடி பாத்துட்டு விட்டுருவாங்க. பாதி ரிசல்ட்ட வச்சி பொண்டாட்டிகிட்ட பேசாம இருக்கிறது எந்த விதத்துலயும் நியாயம் இல்ல. இதயும் அவரு வாசிக்கட்டும், கர்ப்பிணிக்கு இந்த டெஸ்ட் எடுக்கிறது சந்தேகத்துனால இல்ல, ஊர்ல உள்ள எல்லா கர்ப்பிணிக்கும் எடுக்காங்க.

டிபிஹெச்ஏ பாசிட்டிவ்னு வந்தா? அப்பவும் ஒருத்தர ஒருத்தர் குத்தம் சொல்லி நேரத்தப் போக்காதீங்க. யாருக்கு மொதல்ல வந்துச்சி, எந்த வருசம் வந்துச்சின்னு இந்த டெஸ்ட் சொல்லாது, கல்யாணத்துக்கு முன்னாடி அவருக்கே தெரியாம இருந்திருக்கலாம். ஊசி மட்டும் ஒடனே போடணும். எப்பம் வந்ததுன்னு தெரியலன்னா வாரத்துக்கு ஒண்ணா மூணு வாரம் பென்சிலின் போடுவாங்க, கர்ப்பத்துல ஒரு வாரங்கூட தவற விடக் கூடாது, விட்டா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். கர்ப்பத்துல பென்சிலினுக்கு மாத்தா வேற நம்பகமான மருந்து கெடையாது, அலர்ஜி இருந்தாலும் பெரியாஸ்பத்திரில படுக்க வச்சி, கொஞ்சம் கொஞ்சமா பழக்கி அதையேதான் குடுப்பாங்க. 1943ல மொத மொதல்ல இந்த நோய்க்கு பென்சிலின் குடுத்துப் பாத்தாங்க, இன்னிய வரைக்கும் இந்தக் கிருமி அத எதுத்து நிக்கக் கத்துக்கிடல. வைத்தியம் பாக்காம விட்டா கரு கலையலாம், புள்ள எறந்து பொறக்கலாம், நோயோட பொறக்கலாம், அது உண்மைதான், ஆனா உங்களுக்கு மூணாவது மாசத்துலயே தெரிஞ்சிருக்கு. பிரசவத்துக்கு ஒரு மாசத்துக்கு முன்னாடியே மருந்து முடிஞ்சிருந்தா புள்ளையக் காப்பாத்துற வாய்ப்பு ரொம்ப ரொம்ப நல்லா இருக்கு, உங்களுக்கு அதுக்கு மேலயே நாளு இருக்கு.

டிபிஹெச்ஏ ரிசல்ட் வாங்கப் போகும்போது தனியா போகாதீங்க. வீட்டுக்காரர கட்டாயம் கூட்டிட்டுப் போயி, அவருக்கும் அன்னிக்கே ரத்தம் எடுக்கச் சொல்லுங்க. ரெண்டு பேரையும் ஒக்கார வச்சி டாக்டரம்மாவையே விளக்கச் சொல்லுங்க, உங்க வாயால நீங்க ஒண்ணும் நிரூபிக்க வேண்டாம். அவரு வர மாட்டேன்னு சொன்னா, உங்க ஊரு கிராம செவிலியர்ட்ட சொல்லுங்க, அவங்க வீட்டுக்கு வந்து பேசுவாங்க. ரிசல்ட் வந்த பொறவு எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்க.